‘நீ வாப்பா’ என்று காதில் விழுந்தால் ‘அங்கே போகாதே’ என்று பொருள்: பிரெஞ்சு ஏவலில் வரும் கோளாறுகள்

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டி ஒரு மாடி அறையில் மாலை வேளைகளில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சை எடுத்த பிள்ளைகள். மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்தது. மீதிப் பேர் பெரியவர்கள்: கனடாவுக்குப் பேப்பர் போட்டிருக்கும் ஒரு நர்ஸ், ஓசூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இரண்டு பேர். பெங்களூரு அலியான்ஸ் பிரான்சேஸில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வு எழுதப் போகிறவர்கள் இவர்கள். வயது வேறு, காரணம் வேறு. கால் இடறுகிற இடம் மட்டும் ஒன்றே: ஏவல் வினை.

போன மாதம் ஒரு பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: “மிஸ், இந்தம்மா ‘நீ வாப்பா’ன்னுதான் சொல்றாங்க. விடையில ‘அங்கே போகாதே’ன்னு போட்டிருக்கு. புக்கு தப்பா, என் காது தப்பா?”

இரண்டும் தப்பில்லை. ‘நி வா பா’ என்பதுதான் அந்த வாக்கியம். ‘ந’வும் ‘பா’வும் எதிர்மறையின் முன்பாதி, பின்பாதி. நடுவில் ‘இ’ என்றால் அங்கே, ‘வா’ என்றால் போ. ந-வும் இ-யும் ஒட்டி ‘நி’ ஆகிவிட்டது. நாம் கூப்பிடுகிற ஒலியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர் அனுப்பி வைக்கிறார். கூப்பிட அவர்களிடம் இருப்பது ‘வியேன்’.

வழிமுறைக்குள் போகும் முன் இரண்டு விஷயம். பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்; எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எஸ், ஈ என்று எழுத்தின் பெயரைச் சொல்கிறேன். சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும், நாக்கு மேலே ஒட்டாது.

அடுத்தது, எந்தக் கோளாறானாலும் முதலில் செய்யவேண்டிய வேலை. ஏவலை மனப்பாடத்திலிருந்து எடுக்காதீர்கள். நிகழ்கால வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்: ‘த்யூ பார்ல்’ நீ பேசுகிறாய், ‘நூ பார்லோன்’ நாம் பேசுகிறோம், ‘வூ பார்லே’ நீங்கள் பேசுகிறீர்கள். இப்போது எழுவாயை வெட்டுங்கள். பார்ல், பார்லோன், பார்லே. பேசு, பேசுவோம், பேசுங்கள். இந்த மூன்றுதான், நான்காவது கிடையாது. பிள்ளைகளின் நோட்டில் முழு வாக்கியம் பென்சிலிலும் வெட்டுக்கோடு பேனாவிலும் இருந்தால்தான் நான் மார்க் போடுவேன். பழகிய பிறகு பென்சிலை விட்டுவிடலாம்.

சொன்னால் சரி, எழுதினால் சிவப்பு மை

அதிகம் வருவது இதுதான். ‘த்யூ பார்ல்’ என்பதன் கடைசியில் ஈ, எஸ் இரண்டும் இருக்கின்றன. ஏவலாகும்போது எஸ் விழுந்துவிடும். இரண்டுக்கும் ஒலி ஒன்றே என்பதால் காது கண்டுபிடிக்காது, திருத்துபவரின் கண்தான் கண்டுபிடிக்கும்.

புத்தகம் ‘ஈ-ஆர் வினைகளில் எஸ் விழும்’, அதாவது மூல வடிவம் ஈ, ஆர் என்ற எழுத்துகளில் முடியும் வினைகளில், என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. அதை நம்பினால் ‘ஊவ்ர்’, அதாவது திற, என்பதில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த வினை ஐ-ஆரில் முடிகிறது, ஆனால் நிகழ்காலத்தில் ஈ-ஆர் வினை மாதிரியே நடக்கிறது. அதனால் அதிலும் எஸ் விழும். ‘ஒஃப்ர்’, அன்பளிப்பாகக் கொடு, அதுவும் அப்படியே. நான் சொல்லிக்கொடுப்பது வேறு: வினையின் பெயரைப் பார்க்காதே, எஸ்ஸுக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று பார். ஈ நின்றால் எஸ்ஸை வெட்டு. வேறு எழுத்து நின்றால் தொடாதே. விலக்கு ஒன்றே ஒன்று, நம்முடைய ‘வா’. அங்கே ஏ நின்றாலும் எஸ் போய்விடும்.

இதைச் சொன்ன மறுநாளே எதிர்நோய் வரும். வெட்டுகிற சுகத்தில் ‘ஃபினி’ முடி, ‘ப்ரான்’ எடு, ‘வியேன்’ வா, ‘ஃபே’ செய் என்று எல்லாவற்றிலும் எஸ்ஸைத் தூக்கிவிடுவார்கள். இவற்றில் எஸ்ஸுக்கு முன் ஈ இல்லை. எஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வெட்டிய எஸ் திரும்பி வந்து நிற்கிறது

‘வா’ என்பதில் எஸ் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் பிரெஞ்சுப் படத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘வாஸி’ என்று கேட்கிறது. போ, ஆகட்டும், தொடங்கு என்று எல்லாவற்றுக்கும் அதே சொல். அங்கே எஸ் உண்டு, எழுத்திலும் உண்டு, இஸட் ஒலியோடு காதிலும் கேட்கும்.

காரணம் இலக்கணத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. வா-வும் இ-யும் அடுத்தடுத்து வந்தால் உயிரோடு உயிர் முட்டும். தமிழில் அதற்கு உடம்படுமெய் வைத்திருக்கிறோம்; மணி அழகு மணியழகு ஆகிறது. அவர்கள் யகரத்துக்குப் பதில் பழைய எஸ்ஸைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். அங்கே என்ற ‘இ’, இதில் அல்லது அதில் என்ற ‘ஆன்’, இந்த இரண்டு சிறு சொற்கள் வினையை ஒட்டிப் பின்னால் வந்தால் மட்டும் இது நடக்கும்.

கிருஷ்ணகிரி மாம்பழக் காலத்தில் இதை நடத்துவது சுலபம். கூடையைக் காட்டி ‘அஷேத்-ஸான் த்ர்வா’, இதில் மூன்று வாங்கு. ‘மான்ஜ்-ஸான்’, இதில் கொஞ்சம் சாப்பிடு. தனியாக ‘மான்ஜ்’ என்று எழுதினால் எஸ் இல்லை, ‘ஆன்’ ஒட்டினால் எஸ் உண்டு. எதிர்மறையில் ‘ஆன்’ முன்னால் ஓடிவிடுவதால் எஸ்ஸுக்கு வேலை போய்விடும்: ‘நான் மான்ஜ் பா’, இதில் சாப்பிடாதே. இந்த ‘நான்’ நம்ம நான் இல்லை. ந-வும் ஆன்-உம் சேர்ந்தது.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. ‘போய்க் கொஞ்சம் வாங்கி வா’ என்பதற்கு ‘வா ஆன் அஷ்தே’. இங்கே ‘ஆன்’ பின்னால் வரும் வாங்கு என்ற வினையைச் சேர்ந்தது, ‘வா’வைச் சேர்ந்தது இல்லை. எஸ் கிடையாது, இணைப்புக்கோடும் கிடையாது.

‘நீ’ விட்டுப் போக மாட்டேன் என்கிறது

‘நீ போ, நான் வரேன்’ என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு இது வரத்தான் செய்யும். தமிழில் ஏவலோடு நீ தாராளமாக உட்காரும். பிரெஞ்சில் ‘த்யூ’ போட்ட நொடியில் அது ஏவல் இல்லை, ‘நீ போகிறாய்’ என்ற சாதாரண வாக்கியம். அழுத்தம் வேண்டுமானால் ‘த்வா’ போட்டு, கமா வைத்து, அப்புறம் வினை.

‘எனக்கு அதைக் கொடு’ தலைகீழாக வருகிறது

இங்கேதான் பிள்ளைகள் அழுகிறார்கள். புத்தகத்தில் இதற்கு ஐந்து கட்டம் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையைப் பார்த்துப் பயந்தவர்கள் யாரும் பிழைத்ததில்லை. தமிழ் தெரிந்தவருக்கு அது தேவையும் இல்லை என்பது என் கட்சி.

முதலில் உடன்பாடு. ‘எனக்கு அதைக் கொடு’ என்று தமிழில் எழுதுங்கள். மூன்று சொல். இப்போது கடைசியிலிருந்து படியுங்கள்: கொடு, அதை, எனக்கு. ‘டொன்-ல-ம்வா’. டொன் கொடு, ல அதை, ம்வா எனக்கு. இடையில் இரண்டு இணைப்புக்கோடு. பெட்டி போல அப்படியே பொருந்துகிறது.

இனி எதிர்மறை. ‘எனக்கு அதைக் கொடுக்காதே’. இதைத் திருப்பவே வேண்டாம், நேராகப் படியுங்கள்: ‘ந ம ல டொன் பா’. ம எனக்கு, ல அதை, டொன் கொடு. முன்னால் ந, பின்னால் பா. இணைப்புக்கோடு எதுவும் இல்லை. பின்னால் இருக்கும்போது ‘ம்வா’ என்று நிமிர்ந்து நின்ற சொல், முன்னால் வந்ததும் ‘ம’ என்று குனிந்துவிட்டது. ‘த்வா’வும் அப்படியே ‘த’ ஆகும்.

ஆக, செய் என்றால் தமிழைத் திருப்பிப் படி, செய்யாதே என்றால் தமிழை நேராகப் படி. முதல் தடவை இதைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். சும்மா பொருந்துகிற மாதிரித் தெரிகிறதோ என்று நாற்பது வாக்கியம் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, அவனுக்கு, அவளுக்கு என்ற ‘ல்வி’. அது எதிர்மறையிலும் அதை-க்குப் பின்னால்தான் நிற்கும்: ‘ந ல ல்வி டொன் பா’. ஆனால் தமிழிலும் ‘அதை அவனுக்குக் கொடுக்காதே’ என்று சொல்லலாமே. ல்வி வந்தால் தமிழ் வாக்கியத்தை அப்படி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், நேராகப் படித்தால் சரியாக வரும். உடன்பாட்டில் ‘டொன்-ல-ல்வி’, அங்கே மாற்றம் இல்லை. ‘அவர்களுக்கு’ என்பதும் ல்வியின் கட்சிதான்.

இரண்டு, ‘இ’யும் ‘ஆன்’உம். அவை திருப்பலுக்குக் கட்டுப்படாத பிள்ளைகள். உடன்பாட்டில் எப்போதும் கடைசி இடம். ‘எனக்கு அதில் கொஞ்சம் கொடு’ என்பது ‘டொன்-மான்’. ம்வா-வும் ஆன்-உம் மோதி ‘மான்’ ஆகிவிட்டது, எழுத்தில் நடுவே மேற்குறி வரும்.

நர்ஸ் ஒருநாள் போனில் கேட்டாங்க: “மிஸ், கியூபெக் வீடியோவுல எதிர்மறையிலயும் ம்வா பின்னாடியே வருது, ந-வே காணோம். நாம படிக்கறது பழசா?” அவங்க காது சரிதான். கியூபெக் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிரான்ஸிலும் பேச்சில் ந-வை விழுங்கிவிடுவது சர்வ சாதாரணம். ‘பார்ல் பா’ என்றாலே பேசாதே. போய் இறங்கிய பிறகு அப்படிப் பேசிக்கொள்ளலாம். தேர்வுத் தாளில் ந இல்லாவிட்டால் மார்க் இல்லை.

எழுந்திரு, உட்கார், சும்மா இரு

தன்னையே குறிக்கும் வினைகளில் பின்னால் வரவேண்டிய ‘த்வா’வை மறந்துவிடுவார்கள், அல்லது ‘த’ என்று ஒட்டுவார்கள். ‘லேவ்-த்வா’ எழுந்திரு, ‘ந த லேவ் பா’ எழுந்திருக்காதே. மரியாதையில் ‘லவே-வூ’.

மறக்காமல் இருக்க ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்: ராந்தேவூ. சந்திப்பு என்ற பொருளில் ஆங்கிலம் வழியாக நமக்கும் வந்த சொல். அது உண்மையில் ஓர் ஏவல்: போய்ச் சேருங்கள் என்பது. வினை முதலில், வூ பின்னால், நடுவில் இணைப்புக்கோடு. கல்யாணப் பத்திரிகையின் அடியில் நாம் பொருள் தெரியாமல் அச்சடிக்கிற ஆர்.எஸ்.வி.பி.-யும் ஏவல்தான், ‘ரெபோன்தே ஸில் வூ ப்ளே’, தயவுசெய்து பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் அதற்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. நேரே பந்திக்கு வந்துவிடுவார்கள்.

எதிர் உதாரணமும் ஒன்று உண்டு. விமானிகள் ஆபத்தில் கூப்பிடும் ‘மேடே’. 1920-களில் லண்டனின் க்ராய்டன் விமான நிலையத்தில் பிறந்த அந்தச் சொல் ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சு ஒலியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் உதவுங்கள் என்று தனியாக ஏவினால் ‘எனக்கு’ என்ற சொல் வினைக்குப் பின்னால்தான் வரவேண்டும்: ‘ஏதே-ம்வா’. விமானம் விழும்போது இலக்கணம் பார்க்க முடியாது, சரி. தேர்வில் பார்க்கலாம்.

வெட்டும் வழி வேலை செய்யவில்லை

நான்கு வினைகள் நிகழ்காலத்திலிருந்து ஏவலை எடுப்பதில்லை. இரு: ஸ்வா, ஸ்வயோன், ஸ்வயே. வைத்திரு, கொண்டிரு: ஏ, ஏயோன், ஏயே. அறி: ஸாஷ், ஸாஷோன், ஸாஷே. விரும்பு என்பதில் நடைமுறையில் உங்களுக்குத் தேவைப்படுவது ‘வொயே’ ஒன்றுதான். அதுவும் விரும்பு என்ற பொருளில் இல்லை, ‘தயைகூர்ந்து’ என்ற பொருளில். போனில் காத்திருக்கச் சொல்லும் குரல், கடிதத்தின் கடைசி வரி, இந்த மாதிரி இடங்களில்.

இவற்றைச் சும்மா ஒப்பிக்காமல் ஒவ்வொன்றையும் ஒரு பேச்சோடு கட்டிவிடுங்கள். பிரெஞ்சு அம்மா பிள்ளையிடம் சமர்த்தா இரு என்பதற்கு ‘ஸ்வா ஸாஜ்’. பயப்படாதே என்பதற்கு ‘நே பா பெர்’, பயத்தை வைத்துக்கொள்ளாதே என்று. ஏ-யில் எஸ் கிடையாது, ஸ்வா-வில் உண்டு.

‘முடியும்’ என்ற வினைக்கு ஏவலே கிடையாது. தேடாதீர்கள்.

செய்யுங்கள், சொல்லுங்கள் இரண்டில் மட்டும்

வூ என்றால் ‘ஏ’ ஒலியில் முடியும் என்று பழகியவர்கள் ‘ஃபஸே’, ‘டிஸே’ என்று எழுதுகிறார்கள். ‘ஃபேத்’, ‘டீத்’ என்பதுதான் சரி. வேடிக்கை என்னவென்றால், சொல் என்பதிலிருந்து பிறந்த ‘மறுத்துச் சொல்’ என்ற வினையில் ‘டிஸே’ என்றுதான் வரும்.

இலக்கணம் சரி, ஆனால் அப்பா அந்நியர் ஆகிவிட்டார்

ஒரு பெண் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். ‘பாப்பா, வனே’: அப்பா, வாங்க. ஒரு பிழை கிடையாது. ஆனால் படிக்கிற பிரெஞ்சுக்காரருக்கு அது விநோதமாக இருக்கும். இன்றைய பிரெஞ்சு வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் பெரும்பாலும் ‘த்யூ’தான். ‘பாப்பா, வியேன்’ என்று மாற்றச் சொன்னேன். “அப்பாவை எப்படி மிஸ் ‘வா’ங்கறது?” என்று கையைக் கட்டிக்கொண்டாள். ஓசூர்ப் பிள்ளைகளும் இதே தயக்கம்தான். வீட்டில் தெலுங்கில் ரா, ரண்டி என்றும் கன்னடத்தில் பா, பன்னி என்றும் பிரித்துப் பழகியவர்கள். நம்ம ‘ங்க’ வயதைப் பார்க்கிறது, அவர்களுடைய ‘வூ’ நெருக்கத்தைப் பார்க்கிறது. இதை விதியால் மாற்ற முடியாது, பழகித்தான் ஆகவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கடையில் ‘வூ’ வடிவம் போட்டுவிட்டால் மரியாதை முடிந்தது என்று நினைக்கிறோம், ‘கொடுங்க’ என்றால் நமக்குப் போதும் என்பதால். அங்கே ‘டொனே-ம்வா’ என்று மட்டும் சொன்னால் அதட்டல் மாதிரி விழும். ‘ஸில் வூ ப்ளே’ கட்டாயம். இன்னும் நல்லது, ஏவலையே விட்டுவிட்டு ‘எனக்கு இது வேண்டியிருந்தது’ என்கிற தொனியில் ‘ஜ வுத்ரே’ என்று தொடங்குவது.

‘அவன் வரட்டும்’ என்பதை எங்கே வைப்பது?

ஏவலின் மூன்று வடிவங்களில் எதிலும் இல்லை. ‘க’ போட்டு, சப்ஜோன்க்தீஃப் என்ற, விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம் போடவேண்டும்: ‘கில் ஆன்த்ர்’, அவன் உள்ளே வரட்டும். நம்ம ‘-ட்டும்’ வருகிற இடமெல்லாம் இதுதான்.

சமையல் குறிப்பு இரண்டு குரலில் பேசுகிறது

தமிழில் அறிவிப்புக்கென்றே ‘-வும்’ வைத்திருக்கிறோம்: செருப்பை வெளியே விடவும், மாவைச் சேர்க்கவும். யார் யாருக்குச் சொல்கிறார் என்பது அதில் தெரியாது. பிரெஞ்சில் அந்த வேலையை வினையின் மூல வடிவமே செய்கிறது. நம்ம டவுன் பஸ்ஸில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று ஆளைப் பார்த்துச் சொல்கிறோம். பழைய பிரெஞ்சு ரயில் ஜன்னலில் அதே கட்டளை ‘ந பா ஸ பான்ஷே ஓ தஓர்’ என்று, வெளியே சாயாதிருக்க, என்கிற மாதிரி இருக்கும். இதில் கவனியுங்கள், ந-வும் பா-வும் வினையைச் சுற்றிக்கொள்ளாமல் இரண்டும் முன்னாலேயே சேர்ந்து நிற்கின்றன.

சமையல் குறிப்பில் மூல வடிவமும் சரி, வூ ஏவலும் சரி. இரண்டையும் கலக்கக் கூடாது. வீட்டுச் சமையல் ஒன்றை எழுதி வா என்று சொன்னதற்கு அந்தப் பெண், அப்பாவை வாங்க என்றவள், ராகிக் களி எழுதி வந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் என்று மூல வடிவத்தில் ஆரம்பித்து, மாவை நடுவில் கொட்டுங்கள் என்று வூ-வுக்குத் தாவி, துடுப்பால் கிண்டவும் என்று திரும்பி வந்திருந்தாள். வட்டம் போட்டுக் கொடுத்தேன். “களிக்கு என்ன மிஸ் பிரெஞ்சுல?” என்றாள். களிக்குக் களிதான் என்றேன்.

மறுநாள் எல்லாவற்றையும் வூ ஏவலுக்கு மாற்றிக் கொண்டுவந்தாள். அடியில் நான் கேட்காத ஒரு வரியைத் தானாகச் சேர்த்திருந்தாள்: ‘ந ல மாஷே பா. அவலே-ல.’ அதை மெல்லாதீர்கள். விழுங்குங்கள் அதை. ல முதலில் வினைக்கு முன்னால், அடுத்ததில் பின்னால், இணைப்புக்கோட்டோடு.